விதையில்லாப் பூண்டும், விடாமல் நட்ட கைகளும்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

மாடித்தோட்டம் போட்டிருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி கேட்டார். "சார், கத்தரி விதை, வெண்டை விதை, வெங்காய விதைகூட பாக்கெட்டில் கிடைக்கிறது. பூண்டு விதை மட்டும் எங்கே கேட்டாலும் இல்லை என்கிறார்களே, ஏன்?"

பதில் எளிது. பூண்டுக்கு விதை இல்லை. சமையலறைக் கூடையில் கிடக்கும் பூண்டிலிருந்து ஒரு பல்லைப் பிரித்து நட்டால் அதுதான் விதை. ஆனால் இந்த எளிய பதிலுக்குள் ஒரு பெரிய வரலாறு ஒளிந்திருக்கிறது. நான் வரலாறு கற்பித்தவன். கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி என்று சான்றுகளை வகைப்படுத்திச் சொல்லிக்கொடுத்தவன். அந்த வரிசையில் பூண்டுப் பல்லையும் சேர்க்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவின் சாரம்.

முதலில் பல் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். முழுப் பூண்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வட்டமாக, சொரசொரப்பாக ஒரு தட்டு இருக்கும். அதுதான் பூண்டுச் செடியின் உண்மையான தண்டு. வேர்கள் அதன் அடியிலிருந்து கிளம்புகின்றன. அந்தத் தட்டின் மேல் இலைகளின் கக்கத்தில் உருவாகும் மொட்டுகளே பருத்துப் பற்கள் ஆகின்றன. ஒவ்வொரு பல்லுக்குள்ளும் ஒரு முழுச் செடி சுருண்டு உறங்குகிறது. பல்லைக் குறுக்கே வெட்டினால் நடுவில் பச்சையாக ஒரு முளை தெரியும். "சூடு" என்று சொல்லி நம் வீடுகளில் சிலர் கிள்ளி எறிவது அதைத்தான்.

பல்லை நட்டு வருவது பூண்டின் பிள்ளை அல்ல, அதே பூண்டுதான். தகப்பன் பாதி, தாய் பாதி என்று கலந்து வந்த புது உயிர் இல்லை. வாழையடி வாழை என்கிறோமே, அது போல. கரும்பும் அப்படித்தான், கரணை வெட்டி நடுகிறோம்.

ஆனால் வாழைக்கும் பூண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வாழையைக் கொல்லையில் கவனிக்காமல் விட்டுவிட்டாலும் பக்கக்கன்று வெடித்துப் பல வருடம் தானே பிழைத்துக்கொள்ளும். பூண்டை அறுவடை செய்யாமல் மண்ணிலேயே விட்டால் பற்கள் எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கியடித்து முளைக்கும், சிறுக்கும், அழுகும். களையோடு போட்டிபோடத் தெரியாத செடி அது. எடுத்து உலர வைத்தாலும் ஓராண்டு தாண்டாது. காய்ந்து சருகாகும், அல்லது முளைத்து வீணாகும். நெல்லைக் குதிரில் போட்டு வைக்கலாம். கேழ்வரகைப் பல ஆண்டுகள் சேமிக்கலாம். பூண்டை அப்படி வைக்க முடியாது. ஒவ்வொரு ஆண்டும் ஒரு மனிதக் கை அதைப் பிரித்து, இடம்விட்டு, மண்ணில் ஊன்றியாக வேண்டும். ஒரே ஒரு பருவம் யாரும் நடவில்லை என்றால் அந்த ரகம் அத்தோடு முடிந்தது.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

பூண்டுக்கு எப்போதும் விதை இல்லாமல் இருந்ததா? இல்லை. அதன் பூர்வீகம் மத்திய ஆசியா, தியென்ஷான் மலைத்தொடரை ஒட்டிய பகுதிகள் என்பது தாவரவியலாளர்களின் பொதுவான கருத்து. ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழக ஆய்வாளர் தகெயோமி எட்டோ 1980களில் அந்தப் பகுதியில் சேகரித்த பூண்டு வகைகளில், முளைக்கக்கூடிய விதை தருபவை சில இருப்பதைக் கண்டு வெளியிட்டார். அதாவது பிறந்த ஊரில் பூண்டுக்கு விதை போடும் ஆற்றல் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஊரைவிட்டு மனிதனோடு கிளம்பி வந்த பூண்டு அதைத் தொலைத்துவிட்டது. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். விவசாயி பெரிய பல்லாகப் பொறுக்கி நடுகிறான். பூவுக்கும் விதைக்கும் சத்தைச் செலவழிக்காத செடிக்குத்தான் பெரிய பல் வரும். தலைமுறை தலைமுறையாக அப்படிப் பொறுக்க, பூக்கும் பழக்கமே மங்கிப்போனது. இன்று சில வகைகள் பூந்தண்டே விடுவதில்லை. விடுபவற்றிலும் பூக்களுக்கு நடுவே குட்டிக் குமிழ்கள் நெருக்கி வளர்ந்து, பூக்கள் விதை கட்டுமுன் வாடிவிடுகின்றன.

தன் பிழைப்பை முழுக்க மனிதன் கையில் ஒப்படைத்துவிட்ட செடி என்று சொல்லலாம்.

அந்தக் கைகள் யாருடையவை? இப்போது வரலாற்றுக்கு வருவோம்.

மெசபடோமியாவில் ஏறக்குறைய 3700 ஆண்டுகளுக்கு முன் களிமண் பலகைகளில் சமையல் குறிப்புகள் எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் அந்தப் பலகைகளில் குழம்புக்குக் குழம்பு பூண்டு வருகிறது. எகிப்தில் 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமன் கல்லறையில், தங்கத்துக்கும் தந்தத்துக்கும் நடுவே பூண்டும் இருந்தது. 3300 ஆண்டுகளுக்கு முன் மன்னனோடு வைத்த பூண்டு. கிரேக்கரான ஹெரோடோட்டஸ், பெரிய பிரமிடைக் கட்டிய தொழிலாளிகளுக்கு முள்ளங்கி, வெங்காயம், பூண்டு வாங்க 1600 தாலந்து வெள்ளி செலவானதாகப் பிரமிடின் மேலேயே எழுதியிருந்தது என்று தனக்குச் சொல்லப்பட்டதாகக் குறிப்பிடுகிறார். அவருக்கு எகிப்திய எழுத்து தெரியாது. வழிகாட்டி படித்துச் சொன்னதை எழுதினார். எனவே கணக்கை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் கல் சுமந்தவர்களின் சாப்பாடு என்றதும் அவர் காலத்து மனிதர்களுக்குப் பூண்டுதான் நினைவுக்கு வந்தது என்பதை நம்பலாம்.

மன்னன் கல்லறையில் இருந்தாலும், உழைப்பவர் உணவு என்ற முத்திரை பூண்டின் மேல் எல்லா நாட்டிலும் விழுந்திருக்கிறது. ரோமானிய மருத்துவர் கேலன் அதை நாட்டுப்புறத்தாரின் சர்வரோக நிவாரணி என்றார். ஸ்பானிய நாவலான டான் கிகோத்தேயின் இரண்டாம் பாகத்தில் (1615), ஆளுநராகப் போகும் சாஞ்சோவுக்கு அவன் எஜமானன் சொல்லும் அறிவுரைகளில் ஒன்று, பூண்டு வெங்காயம் தின்னாதே, வாடை உன் பிறப்பைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது.

கிரேக்கத்தில் ஒரு கதை உண்டு. அதெனேயஸ் என்ற எழுத்தாளர் பதிவு செய்தது. பூண்டு தின்றவர் தேவமாதாவின் கோயிலுக்குள் நுழையக் கூடாது. ஸ்டில்போ என்ற தத்துவஞானி பூண்டைத் தின்றுவிட்டுக் கோயிலிலேயே படுத்துத் தூங்கிவிட்டார். கனவில் தேவி வந்து, தத்துவஞானியான நீயே விதியை மீறலாமா என்று கேட்டாளாம். சாப்பிட வேறு ஏதாவது கொடு, நான் பூண்டு தின்பதை விட்டுவிடுகிறேன் என்றாராம் ஸ்டில்போ. வகுப்பில் நான் எப்போது இதைச் சொன்னாலும் பிள்ளைகள் சிரிப்பார்கள். பின் பெஞ்சில் ஒன்றிரண்டு பேர் மட்டும் சிரிக்க மாட்டார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம்.

பௌத்தத் துறவிகளுக்கான விதிகளைச் சொல்லும் பாலி நூல் விநயபிடகம். அதில் பிக்குணிகள் பூண்டு தின்னக் கூடாது என்றொரு விதி. அந்த விதி எப்படி வந்தது என்ற கதையும் கூடவே இருக்கிறது. சாவத்தியில் ஓர் இல்லறத்தார், பிக்குணிகளுக்குத் தலைக்கு இரண்டு மூன்று பூண்டு கொடுக்கும்படி தன் வயல்காவலனிடம் சொல்லி வைத்திருந்தார். ஒரு நாள் வீட்டில் பூண்டு தீர்ந்துபோனதால் வயலுக்கே அனுப்பினார். துல்லநந்தா என்ற பிக்குணி அளவு தெரியாமல் அள்ளிக்கொண்டு போய்விட்டார். காவலன் முணுமுணுத்தான். செய்தி புத்தரிடம் போனது. விதி பிறந்தது.

கதை உண்மையில் நடந்ததா என்பதை விடுங்கள். நமக்கு வேண்டியது அதன் ஓரங்களில் கிடக்கும் செய்திகள். பூண்டுக்கென்று தனி வயல் இருந்திருக்கிறது. காவலுக்கு ஆள் போடும் அளவுக்கு மதிப்பு இருந்திருக்கிறது. இன்னொன்று, பூண்டு என்றால் எது என்று விளக்கும் இடத்தில் அந்த நூல் "மகத நாட்டுப் பூண்டு" என்கிறது. இன்றைய தென் பீகார். ஊர்ப்பெயர் சொல்லி அழைக்கும் ரகம் அன்றே இருந்தது என்று பொருள்.

அதே விநயத்தில் இன்னொரு இடம். சாரிபுத்தருக்கு வயிற்றில் வாயு. முன்பெல்லாம் இந்த நோய் எதனால் குணமாகும் என்று நண்பர் மொக்கல்லானர் கேட்கிறார். பூண்டால் என்கிறார் சாரிபுத்தர். உடல்நலக் குறைவு என்றால் பூண்டு தின்னலாம் என்று புத்தர் விலக்கு அளிக்கிறார். தடையும் விலக்கும் பக்கத்துப் பக்கத்தில்.

மனுஸ்மிருதியின் 5ஆம் அத்தியாயம் இருபிறப்பாளர்களுக்குப் பூண்டை விலக்குகிறது. தெரிந்தே தின்றவன் தன் நிலையிலிருந்து வீழ்வான் என்கிறது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்த சீனத் துறவி பாகியான், நடுநாட்டில் யாரும் பூண்டு வெங்காயம் உண்பதில்லை, சண்டாளர் மட்டுமே விதிவிலக்கு என்று எழுதுகிறார். அந்த மக்கள் ஊருக்கு வெளியே வாழ்ந்தார்கள், நகரத்துக்குள் வரும்போது ஒரு கட்டையைத் தட்டி ஓசை எழுப்பிக்கொண்டே வர வேண்டும், மற்றவர்கள் விலகிக்கொள்வார்கள் என்பதும் அதே பத்தியில் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங், பூண்டும் வெங்காயமும் குறைவாகவே பயிராகின்றன, தின்பவர் சிலரே, தின்றவரை ஊருக்கு வெளியே தள்ளிவிடுவார்கள் என்கிறார்.

பாடப்புத்தகத்தில் இவர்கள் இருவரையும் "சீனப் பயணிகள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்களின் தட்டில் என்ன இருந்தது என்று எழுதி வைத்த சாட்சிகள் அவர்கள்.

இதே காலத்தைச் சேர்ந்த இன்னொரு சாட்சி வேறு பக்கத்திலிருந்து வருகிறது. 1888இல் ஆண்ட்ரூ டால்கிளீஷ் என்ற ஸ்காட்லாந்து வணிகர் மத்திய ஆசியப் பாதையில் கொல்லப்பட்டார். கொலையாளியைத் தேடி ஹாமில்டன் பவர் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி அனுப்பப்பட்டார். 1890இல் அவர் குச்சா என்ற ஊரில் இருந்தபோது, இடிபாடுகளைத் தோண்டிய உள்ளூர் ஆட்களிடமிருந்து பூர்ஜமரப் பட்டையில் எழுதிய பழைய சுவடி ஒன்றை வாங்கினார். அது கல்கத்தா போய்ச் சேர்ந்து, ருடால்ஃப் ஹோர்ன்லே என்ற அறிஞர் படித்து, பல ஆண்டுகள் உழைத்துப் பதிப்பித்தார். இன்று ஆக்ஸ்ஃபோர்டில் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. 4 முதல் 6ஆம் நூற்றாண்டுக்குள் எழுதப்பட்டது என்று கணிக்கிறார்கள். பவர் சுவடி என்று பெயர்.

அந்தச் சுவடியின் முதல் பகுதியே பூண்டைப் பற்றியதுதான். காசி மன்னர் சுசுருதருக்குச் சொல்வதாக அமைந்த வடமொழிச் செய்யுள்கள். அமுதத்தைத் திருடிக் குடித்த அசுரனின் தலையைத் திருமால் வெட்ட, சிந்திய குருதித் துளியிலிருந்து பூண்டு பிறந்ததாம். உடம்பிலிருந்து வந்ததால் அந்தணர் தின்னக் கூடாது, அமுதத்தின் கலப்பு இருப்பதால் அது மருந்து என்று இரண்டு பக்கத்துக்கும் நியாயம் சொல்லி வைத்த கதை. குளிர்காலத்தில் பூண்டு விழா பற்றிய வர்ணனையும் உண்டு. வீட்டு முகப்பிலும் வாசலிலும் பூண்டு மாலைகள் தொங்கும். வீட்டு மனிதர்களும் பூண்டு மாலை அணிவார்கள்.

இன்னும் சுவையான ஒன்று இருக்கிறது. அந்தணருக்குப் பூண்டு மருந்து தேவைப்பட்டால் என்ன செய்வது? வழி சொல்லியிருக்கிறார்கள். ஒரு பசுவுக்கு மூன்று இரவுகள் தீனியைக் குறைத்துவிட்டு, பிறகு புல்லோடு பூண்டுத் தாளையும் கலந்து போட வேண்டும். அந்தப் பசுவின் பாலையும் தயிரையும் நெய்யையும் அந்தணர் உண்ணலாம். பசு தின்றால் தடை இல்லை!

கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒன்றை ஒதுக்கவும் வேண்டும், அது இல்லாமல் இருக்கவும் முடியாது என்று வரும்போது சமூகம் எங்கெல்லாம் சந்து கண்டுபிடிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

குச்சா எங்கே இருக்கிறது தெரியுமா? தியென்ஷான் மலையின் தென் அடிவாரத்தில். பூண்டின் பூர்வீகத்தின் வாசலில்! இந்தியாவுக்கு வரும் வழியில் 630இல் யுவான் சுவாங் தங்கிப்போன ஊரும் அதுதான். பூண்டைப் புகழும் இந்திய மருத்துவ நூல், பூண்டு பிறந்த மலையின் அடிவாரத்தில் புதைந்து கிடந்தது.

இப்போது முதலில் நினைவில் வைக்கச் சொன்னதை எடுத்துக்கொள்வோம். பூண்டுக்கு விதை இல்லை. ஓராண்டுக்கு மேல் தாங்காது. காட்டில் தானாகப் பிழைக்காது. அப்படியென்றால், விநயம் விலக்கிய ஆண்டிலும், மனு விலக்கிய ஆண்டிலும், பாகியான் நடந்துபோன ஆண்டிலும், தின்றவரை ஊரைவிட்டுத் தள்ளுகிறார்கள் என்று யுவான் சுவாங் எழுதிய ஆண்டிலும், யாரோ பல்லைப் பிரித்து நட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். விழாவுக்கு மாலை கட்டப் பூண்டு வேண்டும். வைத்தியருக்கு வேண்டும். பசுவுக்குப் போடத் தாள் வேண்டும். அதை விளைத்தவர் பெயர் எந்த நூலிலும் இல்லை. கல்வெட்டிலும் இல்லை. ஆனால் அவர்கள் இருந்தார்கள் என்பதற்குச் சான்று நம் சமையலறையில் இருக்கிறது. விளைந்த பூண்டு வேறு ஊரிலிருந்து வணிகர் வழியாக வந்திருக்கலாமே என்று கேட்கலாம். வந்திருக்கலாம். அந்த ஊரில் யாரோ நட்டிருக்க வேண்டுமே!

எழுதியவர்கள் விலக்கினார்கள், எழுதாதவர்கள் நட்டார்கள். மாணவர்களிடம் நான் சொல்வது ஒன்று உண்டு. ஒரு தடையைப் படித்தால், அது யாருக்காகப் போடப்பட்டது என்பதோடு நிறுத்தாதீர்கள், எதைக் கண்டு போடப்பட்டது என்றும் கேளுங்கள். யாருமே செய்யாத ஒன்றை யாரும் தடுப்பதில்லை.

தமிழுக்கு வந்தால், சொற்களே கொஞ்சம் கதை சொல்கின்றன. பூண்டு என்ற சொல்லுக்கு முதலில் சிறு செடி என்றுதான் பொருள். புல் பூண்டுகூட இல்லை என்கிறோமே, அந்தப் பூண்டு. எத்தனையோ பூண்டுகளில் இது வெள்ளைப்பூண்டு. பிறகு அடைமொழி உதிர்ந்து, பூண்டு என்றாலே இதுதான் என்றாகிவிட்டது. பழைய மருத்துவ வழக்கில் வெள்ளுள்ளி. மலையாளத்தில் வெளுத்துள்ளி, கன்னடத்தில் பெள்ளுள்ளி, தெலுங்கில் வெல்லுல்லி. நான்கு மொழிகளும் ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் இன்றும் உள்ளி என்றால் பூண்டுதான். வடமொழியில் ரசோனம் என்றொரு பெயர் உண்டு. ஒரு சுவை குறைந்தது என்று வைத்தியர்கள் விளக்கம் சொல்வார்கள். ஆறு சுவையில் புளிப்பு மட்டும் அதில் இல்லையாம்.

தடையும் விலக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன என்றேன் அல்லவா, அது நம் வீடுகளிலும் அப்படியே இருந்தது. அமாவாசைக்குப் பூண்டு கூடாது. விரத நாளில் கூடாது. கோயில் மடைப்பள்ளியில் கூடாது. ஆனால் பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு கட்டாயம். சுட்ட பூண்டு, பாலில் வேகவைத்த பூண்டு, பூண்டுக் குழம்பு, லேகியம் என்று பத்தியம் முழுக்கப் பூண்டுதான். சாதாரண நாளில் பூண்டைச் சேர்க்காத குடும்பங்களிலும் பிரசவ அறைக்குள் மட்டும் அதை மருந்தென்று அனுமதித்தவர்கள் உண்டு. சாரிபுத்தருக்குக் கிடைத்த அதே விலக்கு. ஆண்கள் எழுதிய ஆசாரத்தைப் பெண்கள் அடுப்படியில் திருத்திக்கொண்டார்கள்.

வைத்தியம் சொன்னதற்கு வேதியியலும் பின்னால் விளக்கம் தந்தது. 1944இல் அமெரிக்காவில் காவலிட்டோ, பெய்லி என்ற இருவர் பூண்டிலிருந்து அல்லிசின் என்ற பொருளைப் பிரித்தார்கள். ஆய்வுக்கூடத்தில் அது கிருமிகளின் வளர்ச்சியைத் தடுத்தது. முழுப் பல்லில் அல்லிசின் இல்லை. நசுக்கும்போது, தனித்தனி அறைகளில் இருந்த இரண்டு பொருள்கள் கலந்து உடனே உண்டாகிறது. அதனால்தான் முழுப் பல்லுக்கு வாடை குறைவு, தட்டினால் வீடே மணக்கிறது. அதற்காகப் பூண்டு எல்லா நோயையும் தீர்க்கும் என்று வரும் செய்திகளை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அது வேறு விஷயம்.

நம் காலத்தில் அந்தச் சங்கிலியின் கண்ணி எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் மலைமேல்தான். நீலகிரியிலும் கொடைக்கானல் மேல்மலையிலும். நீலகிரிப் பூண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு வருகிறது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரைப் பக்கத்துப் பூண்டுக்குப் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்திதான். ஆனால் குறியீடு பெயரைக் காப்பாற்றும், பூண்டைக் காப்பாற்றாது. அதற்கு யாராவது நட வேண்டும்.

மேல்மலைப் பகுதிப் பள்ளி ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். நடவுக் காலத்தில் வகுப்பில் பாதி இடம் காலியாக இருக்கும். பெரியவர்கள் கோடு கிழிக்க, பிள்ளைகள் பல் ஊன்றுவார்கள். அறுவடையில் நல்ல பூண்டாகப் பொறுக்கித் தாளோடு கட்டி, அடுப்புப் புகை படும்படி மேலே தொங்கவிட்டிருப்பார்கள். அதுதான் அடுத்த ஆண்டின் விதை. புகை பட்டால் பூஞ்சையும் பூச்சியும் அண்டாது. ஒரு மாணவனின் பாட்டி, வீட்டில் அரிசிக்கே சிரமமான ஒரு மழைக்காலத்தில், வாசலுக்கு வந்து நல்ல விலை கேட்ட வியாபாரியிடம் அந்தக் கட்டைத் தர மறுத்ததைப் பார்த்திருக்கிறேன். "இதைக் குடுத்துட்டா அடுத்த வருஷம் எதை நடுறது சாமி? மண்ணையா?" என்றார். பூண்டைப் பற்றி நான் படித்த எதுவும் அந்தக் கேள்வி அளவுக்கு எனக்குப் பாடம் சொல்லவில்லை.

ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. 2022இல் மத்தியப் பிரதேசத்தில் விலை விழுந்தபோது விவசாயிகள் பூண்டைச் சாலையிலும் ஆற்றிலும் கொட்டினார்கள். 2024 தொடக்கத்தில் நம் ஊர்க் கடைகளில் கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. விலை விழுந்தால் நடுவதை விடுகிறார்கள். விலை ஏறினால் விதைப்பூண்டையும் விற்கத் தோன்றுகிறது. இரண்டிலும் உள்ளூர் ரகம்தான் அடிபடுகிறது. மறுவருடம் வெளியிலிருந்து பெரிய பல் பூண்டை வாங்கி நட்டுக்கொள்ளலாம். வியாபாரம் நடக்கும். ஆனால் பாட்டி புகையில் கட்டி வைத்திருந்த அந்தப் பூண்டு திரும்ப வராது. நெல் ரகம் ஒன்று வழக்கொழிந்தாலும் எங்காவது விதை வங்கியில் ஒரு பிடி இருக்க வாய்ப்புண்டு. பூண்டை அப்படி டப்பாவில் போட்டு வைக்க முடியாது. ஆராய்ச்சி நிலையங்கள்கூட ஆண்டுதோறும் வயலில் நட்டுத்தான் ரகங்களைக் காக்கின்றன, அல்லது திரவ நைட்ரஜனில் உறைய வைக்கின்றன.

சரி, நண்பர் கேட்டதற்கு நடைமுறைப் பதிலும் சொல்ல வேண்டும்.

மலைப்பூண்டோ நாட்டுப்பூண்டோ, இறுக்கமான, புதிய பூண்டாக வாங்குங்கள். முளைக்காமல் இருக்கக் கதிர்வீச்சு அளித்த பூண்டும் சந்தையில் வருவதுண்டு, அது முளைக்காது. வெளிவரிசைப் பெரிய பற்களை மட்டும் நடுவதற்கு எடுங்கள். தோலை உரிக்காதீர்கள், அடித்தட்டு உடையாமல் பிரியுங்கள். சமவெளியில் இருப்பவர்கள் பூண்டை மூன்று நான்கு வாரம் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் பிறகு நடுவது நல்லது. பூண்டு குளிரை உணர்ந்தால்தான் பற்களாகப் பிரியும். குளிர் போதாவிட்டால் வெங்காயம் போல ஒற்றை உருண்டையாக நின்றுவிடும்.

ஐப்பசி, கார்த்திகை சரியான காலம். அரை அடி ஆழத் தொட்டி போதும். மண்ணோடு தொழுஉரமும் மணலும் கலந்து, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூர்முனை மேலே, தட்டு கீழே இருக்கும்படி இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். பல்லுக்குப் பல் நான்கு அங்குல இடைவெளி. நல்ல வெயில் வேண்டும். நான்கு மாதம் கழித்து இலை பழுக்கத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்தி, இரண்டு வாரம் கழித்துத் தாளோடு பிடுங்கி நிழலில் உலர்த்துங்கள்.

சென்னையிலும் மதுரையிலும் மாடியில் வைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கடையில் பார்ப்பது போல முழுப்பூண்டு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நம் வெயில் அதற்கு ஒத்துவராது. ஆனால் பச்சைத் தாள் நிச்சயம் கிடைக்கும். கிள்ளக் கிள்ள வளரும். துவையலுக்கும் ரசத்துக்கும் அருமையாக இருக்கும். குளிர்ந்த மலையூர்களில் இருப்பவர்கள் முழுப்பூண்டே எடுக்கலாம். எடுத்தால் பெரியதாக நாலைந்தைச் சமைக்காமல் எடுத்து வையுங்கள். அவை அடுத்த ஆண்டுக்கு.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கையால் ஊன்றச் சொல்லுங்கள். ஊன்றும்போது இந்தக் கதையில் ஏதாவது ஒரு பகுதியைச் சொல்லுங்கள். கட்டையைத் தட்டிக்கொண்டு நடக்க வைக்கப்பட்ட மனிதர்களைப் பற்றிச் சொன்னால் இன்னும் நல்லது. அதோடு, உங்கள் ஊர்ப்பக்கம் தனிப் பெயரோடு ஏதாவது பழைய பூண்டு ரகம் இருக்கிறதா, யாராவது இன்னும் வீட்டில் விதைப்பூண்டு கட்டி வைக்கிறார்களா என்று பெரியவர்களிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். முகவரி கிடைத்தால் நானே நேரில் போய் நாலு பல் கேட்டு வாங்கி வரத் தயாராக இருக்கிறேன்.